எம்பி4 தானே, ஏன் திறக்க மாட்டேங்குது?

டாக்குமெண்டரி போட்டின்னு ஒரு அறிவிப்பு வந்தா, நம்ம பக்கத்துப் பசங்களுக்கு முதல்ல தோணுற இடம் உப்பளம்தான். குயிலாப்பாளையத்திலிருந்து ஈ.சி.ஆரைப் பிடிச்சு வடக்கே போனா மரக்காணம். ரோட்டிலிருந்தே பாத்திகளும் வெள்ளைக் குவியல்களும் தெரியும். அங்கே போய் வீடியோ எடுக்கிறது பெரிய கஷ்டமில்லை. ஹாஸ்டலுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்த பிறகுதான் கஷ்டமே ஆரம்பிக்குது.

ஒரு குழுவை எடுத்துக்குவோம். ஒருத்தர் கையில ஐஃபோன், இன்னொருத்தர்கிட்ட ஆண்ட்ராய்டு ஃபோன், மூணாவது ஆள் கொண்டு வந்தது மாமாவோட பழைய ஹேண்டிகேம். ஐஃபோன் ஃபைல் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல திறக்கவே மாட்டேங்குது. ஆண்ட்ராய்டு ஃபைல் திறக்குது, ஆனா பத்து நிமிஷம் போனதும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஹேண்டிகேம் வீடியோவில் கை அசைந்தா சீப்புப் பல் மாதிரி கோடுகள். இதே மூணு ஃபைலும் விஎல்சி ப்ளேயரில் ஓடுது! உடனே எல்லாரும் "சாஃப்ட்வேர் சரியில்லடா"ன்னு வேற ஒண்ணை டவுன்லோடு பண்ண ஆரம்பிப்பாங்க.

திரும்பப் போய் எடுத்துடலாம்னு நினைக்கக் கூடாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினா பாத்திகள்ல தண்ணி நிக்கும், உப்பு வாருற வேலை நின்னுடும். வேலை இல்லாத மாசங்களை எப்படி ஓட்டுறோம்னு ஒரு தொழிலாளி மனசு விட்டுப் பேசியிருந்தா, அதே பேச்சை அதே மாதிரி இன்னொரு தடவை பேச மாட்டார். பேசச் சொல்றதும் நியாயமில்லை. அதனால கையில இருக்கிற ஃபைலை எப்படிக் காப்பாத்துறதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

மூட்டை வேற, சரக்கு வேற

உப்பு மூட்டையை வெளியிலிருந்து பார்த்து உள்ளே இருப்பது கல்லுப்பா தூளுப்பான்னு சொல்ல முடியாது. எம்பி4, எம்ஓவி, எம்கேவி எல்லாமே மூட்டைகள்தான். இவற்றுக்குக் கன்டெய்னர்னு பேர். படம், ஒலி, நேரக் குறிப்பு எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி வைப்பது இதன் வேலை. உள்ளே இருக்கும் படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்காங்க என்பதுதான் கோடெக். ஒரே எம்பி4-க்குள்ள எச்.264 இருக்கலாம், எச்இவிசி எனப்படும் எச்.265 இருக்கலாம், ஏவி1 கூட இருக்கலாம். ஃபைல் பேரை மாத்தி எம்ஓவி-யை எம்பி4 ஆக்குறது, மூட்டை மேல வேற பெயின்ட் அடிக்கிறது மாதிரி. உள்ளே எதுவும் மாறாது.

ஏன் சுருக்கணும்? கணக்கு போட்டுப் பாருங்க. 1920 × 1080 புள்ளிகள், ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், விநாடிக்கு 25 ஃப்ரேம். பெருக்கினா விநாடிக்கு சுமார் 155 எம்பி, அதாவது நிமிஷத்துக்கு 9 ஜிபி-க்கு மேல. விநாடிக்கு 16 மெகாபிட் வேகத்தில் சுருக்கி எழுதும் ஃபோனுக்கு அதே ஒரு நிமிஷம் 120 எம்பி-யில் முடிஞ்சுடும். இந்த வித்தை இல்லைன்னா நம்ம மெமரி கார்டு ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள நிரம்பிடும்.

திறக்காத ஃபைல்

எச்.264 வந்தது 2003-இல். அதே தரத்தைக் கிட்டத்தட்ட பாதி அளவில் தரணும்னு அடுத்து வந்தது எச்இவிசி, 2013-இல். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐஃபோன்கள் எச்இவிசி-யில் பதிவு செய்யுது. ஆனா இந்த முறைகளுக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. அதனால விண்டோஸில் எச்இவிசி-க்கான துணை மென்பொருளை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தனியா விக்கிறாங்க. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு விண்டோஸில் எச்.264-ஐ எடுத்துக்கும். அதையே லினக்ஸ் லேபில் போட்டா எச்.264, எச்.265 இரண்டையும் ஏத்துக்காது.

விஎல்சி மட்டும் எப்படி ஓட்டுது? அது தனக்கு வேண்டிய டீகோடர்களைத் தன்னோடவே கொண்டு வருது. பல எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருப்பதை நம்பியிருக்கு. ஆகவே "விஎல்சி-ல ஓடுது" என்பது ஃபைல் கெட்டுப்போகலை என்பதற்குத்தான் சாட்சி. எடிட் பண்ண முடியும் என்பதற்கு இல்லை.

ஐஃபோன்காரங்களுக்கு இன்னொரு விஷயம். 2020-இல் வந்த ஐஃபோன் 12 முதல் எச்டிஆர் வீடியோ எடுக்கும் வசதி இருக்கு. சாதாரண ப்ராஜெக்டில் அதைப் போட்டா வெளிச்சம் தப்பாத் தெரியும், உப்புக் குவியல் வெறும் வெள்ளைத் தாளா மாறிடும். உப்பளம் போறதுக்கு முன்னாடியே செட்டிங்ஸில் எச்டிஆர் வீடியோவை அணைச்சு, ஃபார்மட்ஸில் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" தேர்ந்தெடுங்க. எச்.264-ஆப் பதிவாகும்.

உதடும் குரலும் பிரிவது ஏன்?

பல ஃபோன்கள் ஃப்ரேம் எண்ணிக்கையை ஒரே சீரா வைக்காது. வெளிச்சம் குறைஞ்சாலோ ஃபோன் சூடானாலோ எண்ணிக்கை ஏறி இறங்கும். இதுதான் வேரியபிள் ஃப்ரேம் ரேட். விடியுறதுக்கு முன்னாடி அரை வெளிச்சத்தில் எடுத்த பேட்டி, உச்சி வெயிலில் ஃபோன் கொதிக்கக் கொதிக்க எடுத்த காட்சி, ரெண்டுமே இதில் மாட்டும்.

உதாரணக் கணக்கு: ஃபோன் சராசரியா 29.6 ஃப்ரேம் எழுதியிருக்கு, சாஃப்ட்வேர் 30-ன்னு எடுத்துக்குது. 10 நிமிஷத்தில் 17,760 ஃப்ரேம். அதை 30-ஆல் வகுத்தா 592 விநாடி. ஒலி மட்டும் 600 விநாடி ஓடும். கடைசியில் 8 விநாடி வித்தியாசம். ஒலியைக் கையால நகர்த்தி ஒட்டினா ஒரு இடத்தில் சேரும், அடுத்த இடத்தில் விலகும். சரியான வழி, எடிட் தொடங்கும் முன்னாடியே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் "கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்" வச்சு ஃபைலை மாத்திக்கிறது. தர எண்ணை 18 பக்கம் வையுங்க. இந்த அளவில் எண் குறையக் குறைய தரம் கூடும், ஃபைலும் பெருக்கும்.

ஹேண்டிகேமின் சீப்புக் கோடுகள்

அந்தக் கேமரா பெரும்பாலும் ஏவிசிஎச்டி முறையில் எழுதும். சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2006-இல் கொண்டு வந்தது. ஃபைல் எம்டிஎஸ்னு முடியும், உள்ளே எச்.264 தான். ஆனா பழைய டிவிக்காக ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள்னு இரண்டு தவணையில் பதிவு செய்யும். ரெண்டுக்கும் இடையில் கை நகர்ந்துடுறதால சீப்புப் பல். ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் போட்டாப் போயிடும்.

இன்னொண்ணு, இந்தக் கேமராக்கள் நீளமான பதிவைத் துண்டு துண்டாத்தான் எழுதும். பழைய கார்டுகளில் இருக்கும் ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்ட முடியாது என்பது ஒரு காரணம். எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் இழுத்துக் காப்பி பண்ணினா, துண்டுகள் சேரும் இடத்தில் ஒலி ஒரு கணம் விட்டுப் போகலாம். கார்டில் இருக்கும் மொத்த ஃபோல்டரையும் அப்படியே எடுங்க.

திறக்குது, ஆனா திணறுது

இது நாலாவது வகை. எச்.264-உம் எச்இவிசி-யும் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசா எழுதுறதில்லை. ஹாஸ்டல் ரெஜிஸ்டர் மாதிரி யோசிங்க. 1-ஆம் தேதி முழுப் பட்டியல், அப்புறம் யார் வந்தாங்க, யார் போனாங்க மட்டும். 17-ஆம் தேதி ரூம்ல யார் இருந்தாங்கன்னு கேட்டா, 1-லிருந்து கூட்டிக் கழிச்சுட்டு வரணும். படம் வரிசையா ஓடும்போது இது சுலபம். டைம்லைனில் நாம அங்கே இங்கே தாவும்போது ப்ராசஸருக்கு ஒவ்வொரு தாவலும் புதுக் கணக்கு. 8 ஜிபி ராம் லேப்டாப் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

இதுக்கு மருந்து ப்ராக்ஸி. கேடென்லைவ், ரிசால்வ், ப்ரீமியர் எல்லாத்திலும் இருக்கு. சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஃபைலுக்கும் சின்ன அளவில், எளிதாப் பிரிக்கும் முறையில் ஒரு நகல் செய்யும். வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில். கடைசியா எக்ஸ்போர்ட் பண்ணும்போது அசல் ஃபைலிலிருந்து எடுத்துக்கும். தரம் குறையாது, புது லேப்டாப்பும் வேண்டாம்.

மாத்துவதிலும் ரெண்டு வகை

உப்பை ஒரு மூட்டையிலிருந்து இன்னொரு மூட்டைக்குக் கொட்டலாம், அல்லது மறுபடி அரைக்கலாம். முதலாவது ரீமக்ஸ்: கன்டெய்னர் மட்டும் மாறும், தரம் துளிகூடக் குறையாது, சில விநாடியில் முடியும். லாஸ்லெஸ்கட் இதைச் செய்யும். இரண்டாவது ட்ரான்ஸ்கோட்: முழுசாப் பிரிச்சு மறுபடி சுருக்குறது. நேரமும் ஆகும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரமும் போகும். சாஃப்ட்வேருக்கு மூட்டை மட்டும் பிடிக்கலைன்னா ரீமக்ஸ் போதும். கோடெக்கோ ஃப்ரேம் ரேட்டோ பிரச்சினைன்னாதான் ட்ரான்ஸ்கோட், அதுவும் ஒரே தடவை.

எது பிரச்சினைன்னு எப்படித் தெரியும்? மீடியாஇன்ஃபோ என்ற சின்ன இலவச மென்பொருளில் ஃபைலைப் போடுங்க. ஃபார்மட், ஃப்ரேம் ரேட் மோட், பிட் டெப்த், ஸ்கேன் டைப் ஆகிய நாலு வரியைப் படிச்சாலே மேலே சொன்ன எல்லாம் வெளியே வந்துடும்.

கிளம்பும் முன் ஒட்டி வைக்க

1. ஃபோனிலிருந்து ஃபைலை எடுக்க கேபிள். வாட்ஸ்அப்பில் வீடியோவா அனுப்பினா அது மறுபடி சுருக்கிடும். வேற வழியே இல்லைன்னா டாக்குமெண்டா அனுப்புங்க.
2. அசல் ஃபைல்களின் நகல் ரெண்டு இடத்தில். கார்டை அழிப்பது அதுக்கப்புறம்.
3. ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை முதல்லயே முடிவு பண்ணுங்க. நம்ம ஊர் ஹேண்டிகேம் 25, ஃபோன் 30. பேட்டி எதில் இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி வையுங்க.
4. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் அடியில் எடுத்தா ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்க, மினுக்காது.
5. முந்தின நாளே மூணு கேமராவிலும் ஒரு நிமிஷம் எடுத்து, எடிட் பண்ணி, எக்ஸ்போர்ட் வரைக்கும் கொண்டு போய்ப் பாருங்க.

அஞ்சாவதை மட்டும் செஞ்சாலும் முக்கால்வாசித் தலைவலி போயிடும். ஹாஸ்டல் வராண்டாவில் எடுத்த வீடியோ திறக்கலைன்னா சிரிச்சுட்டு வேற எடுக்கலாம். வெயிலில் நின்னுக்கிட்டு நமக்காக வேலையை நிறுத்திப் பேசினவர் குரல், அவர் உதட்டோடயே சேர்ந்து வரணும்.