மேக்ரோவின் இருப்பிடமும் அதன் பயனும்

விரிதாள்களைக் கையாளுவோர் ஒரே வேலையைப் பன்முறை செய்ய நேரிடுகிறது. மழைமானி நிலையங்களிலிருந்து திங்கள்தோறும் வரும் எக்செல் பணிப்புத்தகங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் வெற்று வரிசைகளை நீக்கி, தேதிகளை ஒரே வடிவில் அமைத்து, மொத்த மழையளவைக் காணவேண்டும். இவ்வேலைகளை ஒரே கட்டளையால் நிறைவேற்றும் செயல்முறைத் தொகுப்பே மேக்ரோ எனப்படும். இதனை எழுதுவதற்குரிய விபிஏ மொழி 1993-இல் எக்செலில் சேர்க்கப்பெற்றது.

பொதுவாக, மேக்ரோ எப்புத்தகத்தில் உள்ளதோ அப்புத்தகம் திறந்திருந்தால்தான் அதனை இயக்க இயலும். எனவே சிலர் ஒவ்வொரு புத்தகத்திலும் அதனைப் படியெடுத்து வைப்பர். இது நன்முறையன்று. பின்னர் ஒரு பிழை காணப்பெறின், அத்தனை படிகளையும் திருத்த வேண்டிவரும். ஒன்று விடுபட்டாலும் கணக்கு பிழைபடும்.

இக்குறையை நீக்குவது தனிப்பட்ட மேக்ரோப் பணிப்புத்தகம். மேக்ரோவைப் பதிவுசெய்யத் தொடங்கும்போது, சேமிக்கும் இடமாக இதனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். உடனே 'பெர்சனல்' என்னும் பெயருடைய புத்தகம் ஒன்று தோன்றும். சேமித்தபின் அது 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' என்ற கோப்புறையில் தங்கும். எக்செல் தொடங்கும்போதெல்லாம் அக்கோப்புறையில் உள்ளவற்றைத் தானே திறக்கும். ஆகவே இப்புத்தகம் கண்ணுக்குப் புலப்படாமல் திறந்திருந்து, ஏனைய புத்தகங்கள் அனைத்திற்கும் பயன்படுகிறது. எக்செலை மூடும்போது இதனைச் சேமிக்கலாமா என்ற வினா எழும். மறுத்தால் புதிய மேக்ரோ அழிந்துபோகும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும். விபிஏ மொழியில் 'திஸ்ஒர்க்புக்' என்னும் சொல் மேக்ரோ எழுதப்பட்டுள்ள புத்தகத்தைக் குறிக்கும். 'ஆக்டிவ்ஒர்க்புக்' என்பது அவ்வேளையில் முன்னிற்கும் புத்தகத்தைக் குறிக்கும். முன்னதை எழுதினால், கட்டளை மறைந்துள்ள புத்தகத்தின்மேல் செல்லும். மழைக்கணக்கு மாறாது நிற்கும். பின்னதை எழுதினாலோ, வேறொரு புத்தகம் தவறுதலாக முன்னிருப்பின் அதுவே மாறிவிடும். மேக்ரோ செய்த மாற்றத்தை 'அண்டூ' கட்டளையால் பொதுவாக மீட்க இயலாது. ஆதலால் மூலத்தின் படியொன்றை முன்னரே எடுத்துவைத்தல் நலம்.

இப்புத்தகம் ஒரு கணிப்பொறியில் ஒரு பயனருக்கே உரியது. அலுவலர் பலருக்கும் மேக்ரோ தேவைப்படின், அதனைத் துணைநிரலாக 'எக்ஸ்எல்ஏஎம்' வடிவில் சேமித்து வழங்கலாம். எவ்வழியை மேற்கொள்ளினும், கட்டளை எங்கே உறைகின்றது, எதன்மேல் செயற்படுகின்றது என்னும் இரண்டையும் தெளிந்த பின்னரே அதனை இயக்குதல் தகும்.