வழிகாட்டும் கருவியும் உயிர்காக்கும் கருவியும்

ஆஸ்திரேலியாவின் நீலமலை, யூகலிப்டஸ் காடுகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நிறைந்த பகுதியாகும். அங்குப் பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிட்டாது. ஆதலால் காட்டுநடை செல்வோர் இருவகைக் கருவிகளை நாடுகின்றனர். இரண்டும் செயற்கைக்கோள்களைச் சார்ந்தவையே; எனினும் அவற்றின் பணிகள் வேறு.

இடங்காட்டி (ஜி.பி.எஸ்.) குறிப்பலையைப் பெறும் கருவி. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைக் கொண்டு அது இருப்பிடத்தைக் கணிக்கிறது. அதனை ஏந்தியவர் தம் இடத்தை அறிவார், பிறர் அறியார். மின்கலம் தீர்ந்தால் அதுவும் பயன்படாது. எனவே, வரைபடமும் திசைகாட்டியும் உடன் இருத்தல் வேண்டும்.

அபாய அறிவிப்பான் (பி.எல்.பி.) குறிப்பலையை அனுப்பும் கருவி. இயக்கியதும் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்தது 24 மணி நேரம் அது அழைக்கும். அவ்வழைப்பு செயற்கைக்கோள் வழியாகக் கான்பெராவிலுள்ள மீட்பு மையத்தை அடையும். இடங்காட்டி உள்ளமைந்த அறிவிப்பானைத் தேர்ந்தெடுத்தல் நன்று; அது, மீட்பர் தேட வேண்டிய பரப்பைப் பெரிதும் சுருக்கும். உயிருக்கு ஆபத்து நேரும்போது மட்டுமே இதனை இயக்க வேண்டும்.

வாங்கியவுடன் கருவியைப் பதிவு செய்தல் ஆஸ்திரேலியாவில் கட்டாயம். அதற்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்யப்படாத கருவியும் உதவி கோரும். ஆனால் கோருபவர் யார், அவருடைய உறவினர் யார் என்பதை மீட்பருக்கு உணர்த்தாது.

தெரிந்து தெளிவோம்

அபாய அழைப்புகளைப் பெறும் 'காஸ்பாஸ்-சார்சாட்' அமைப்புக்கான உடன்பாட்டைப் பனிப்போர்க் காலமான 1979இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்சு ஆகிய நாடுகள் செய்துகொண்டன. 1982இல் கனடாவில் விமான விபத்தில் சிக்கிய மூவர் இதன்வழி முதன்முதலில் மீட்கப்பட்டனர்.