பட்டறைக்குச் செயலி வேண்டுமா?

கேள்வி: காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஷிப்ட் வருகையையும், எந்த மெஷினில் எத்தனை பீஸ் முடிந்தது என்பதையும் தொழிலாளர்களே போனில் பதிய ஒரு செயலி செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர். ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாராம். பலர் போனில் இடமே இல்லை. ஷெட்டுக்குள் சிக்னலும் சரியாக வருவதில்லை. இணையப் பக்கமாகவே செய்துவிடலாம் என்கிறான் என் மகன். அது நிலைக்குமா?
– வாசகர், காக்களூர்

பதில்: உங்கள் மகன் சொல்வதையே செய்யுங்கள்.

முதலில் அந்த வாட்ஸ்அப் ஃபைலைப் பற்றி. ஏ.பி.கே. எனப்படும் அந்தச் செயலி ஃபைலை நிறுவ, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருவதையும் ஏற்கும்படி போனில் அனுமதி கொடுக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, வங்கி அறிவிப்பு, போக்குவரத்து அபராதம் என்றெல்லாம் பெயர் வைத்து ஏ.பி.கே. அனுப்பி, கணக்கைத் துடைக்கும் கும்பல்கள் திரிகிற காலம் இது. சம்பளத்தை அதே போனில் ஒடிசாவுக்கோ பீகாருக்கோ அனுப்பும் தொழிலாளியை, வாட்ஸ்அப்பில் வருவதை நிறுவலாம் என்று முதலாளியே பழக்கிவிடக் கூடாது.

உங்கள் மகன் சொல்லும் இணையப் பக்கத்தைச் செயலிபோல இயங்கும் ‘வலைச்செயலி’யாகச் செய்தால், ஓர் இணைப்பு (லிங்க்) போதும். முதல்முறை திறக்கும்போதே பக்கத்துக்கு வேண்டிய ஃபைல்கள் போனில் தங்கிவிடும். ‘சர்வீஸ் ஒர்க்கர்’ என்ற சிறு நிரல் அதைக் கவனித்துக்கொள்ளும். முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் மற்ற செயலிகளைப் போலவே ஐகான் வரும். சிக்னல் இல்லாத ஷெட்டிலும் திறக்கும். பதிந்தது போனிலேயே இருந்து, டீ குடிக்க வெளியே வந்து திறக்கும்போது சர்வருக்குப் போய்ச் சேரும்படி எழுதலாம். இடம்? 2017இல் வந்த ட்விட்டர் லைட் என்ற வலைச்செயலியே 1 எம்.பி.க்குள் அடங்கியது. உங்கள் படிவத்துக்கு அவ்வளவுகூட வேண்டாம்.

நிலைக்குமா என்றால், நம் நாட்டிலேயே பெரிய நிறுவனம் ஒன்று அதைச் செய்து பார்த்துவிட்டது. 2015இல் ஃபிளிப்கார்ட் தன் மொபைல் தளத்தை மூடி, எல்லோரையும் செயலிக்கு வரச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்ற வலைச்செயலியோடு திரும்பியது. எதிர்க்கதையும் உண்டு. வலைச்செயலிகளையே நம்பி வந்த ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ். போன், 2014இல் இங்கே 1,999 ரூபாய்க்கு விற்றும் நிற்கவில்லை. ஆகவே ஸ்டோர் செயலிகள் மறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் அவை இருக்கும். வருகைப் பதிவு, டோக்கன், ரசீது போன்ற சின்ன வேலைகள் இணைப்புக்கு மாறும், மாற வேண்டும். பழைய போன் வைத்திருப்பவருக்கும் இணையம் சமமாகக் கிடைக்க அதுதான் வழி.

குறைகளும் உண்டு. ஐபோனில் அறிவிப்பு வர 2023இல் வந்த ஐ.ஓ.எஸ். 16.4 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். முகப்புத் திரையிலும் சேர்த்திருக்க வேண்டும். பிரவுசரில் சேமித்ததை அழித்தால் அனுப்பாத பதிவும் போய்விடும். எனவே அன்றன்றைய பதிவு அன்றே சர்வருக்குப் போகட்டும். பொத்தான்கள் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும். ஒரு மாதம் பழைய நோட்டும் கூடவே ஓடட்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போன பிறகு நோட்டை நிறுத்துங்கள்.