கோலம் ஒன்று எத்தனை எம்.பி.?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மார்கழிக் கோலப் படங்கள் 600-ஐ உன் இணையதளத்தில் ஏற்ற இடம் போதவில்லை, கூடுதல் இடத்துக்குக் காசு கட்டட்டுமா என்று கேட்டிருந்தாய். கட்டாதே. இடம் சின்னதில்லை, படங்கள்தான் வேண்டாத அளவுக்குப் பெரியவை.

உன் போனில் எடுத்த படம் 4000-க்கு 3000 பிக்சல். ஒன்று 4 எம்.பி. என்று வைத்தால் மொத்தம் 2.4 ஜி.பி. பார்க்கப்போகிறவர்களோ பெரும்பாலும் கையகலத் திரைக்காரர்கள். நீளப் பக்கத்தை 1600 பிக்சலாகக் குறைத்து, ஜேபெக் தரத்தை 75-க்கும் 80-க்கும் நடுவில் வை. படம் 300 கே.பி. பக்கம் வந்துவிடும். கோலமாவின் சொரசொரப்பு மறையாத வரைக்கும் தரத்தை இறக்கலாம், அதற்குமேல் கஞ்சத்தனம் கூடாது. 2010-இல் கூகுள் கொண்டுவந்த வெப்பி வடிவத்தில் சேமித்தால் இன்னும் கால்வாசி மிச்சம்.

ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஸ்கூஷ் போதும், பிரவுசரிலேயே ஓடும். 600 படத்தையும் ஒரே கட்டளையில் முடிக்க இமேஜ்மேஜிக் இருக்கிறது. இரண்டும் இலவசம். இமேஜ்மேஜிக்கிலேயே 400 பிக்சலில் ஒரு சின்னப் பிரதியும் எடுத்துவிடு. கேலரிப் பக்கத்தில் சின்னவை மட்டும் தெரியட்டும், தொட்டால் பெரியது திறக்கட்டும். கூடவே பக்கத்தின் எச்.டி.எம்.எல்.-இல் படக் குறிக்கு லோடிங் என்ற பண்பை லேசி என்று கொடுத்தால், திரையை நகர்த்த நகர்த்தத்தான் படங்கள் இறங்கும். இத்தனையும் சேர்ந்து 200 எம்.பி. அளவில் அடங்கும்.

இன்னொன்று முக்கியம். இருப்பிடம் பதியும் வசதியைப் போனில் போட்டிருந்தாயானால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் படத்துக்குள் எக்சிஃப் தகவலாக ஒளிந்திருக்கும். நீ எடுத்ததெல்லாம் ஊரார் வீட்டு வாசல்! ஏற்றுமுன் அதை நீக்கிவிடு. நீக்குமுன் படத்தை நிமிர்த்திக்கொள், ஏனென்றால் எந்தப் பக்கம் மேல் என்ற குறிப்பும் அதில்தான் இருக்கிறது. கோலம் சாய்ந்தால் யாருக்கும் தெரியாது, அருகில் நிற்கும் பாட்டி சாய்ந்தால் தெரியும்.

படங்களை வேறொரு இலவசத் தளத்தில் போட்டு, அங்கிருந்து இழுத்துக் காட்டினால் என்ன என்றும் கேட்டாய். போட்டோபக்கெட்டை நம்பிப் பலர் அப்படித்தான் செய்தார்கள். 2017-இல் அந்த வசதிக்கு ஆண்டுக்கு சுமார் 400 டாலர் என்று அது அறிவித்ததும் உலகெங்கும் பக்கங்களில் படங்கள் காணாமல் போயின. ஃபிளிக்கரும் 2019 முதல் இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று வரம்பு கட்டியது. இப்போதுள்ள இடம் 200 எம்.பி.க்கும் பற்றாதென்றால் கிட்ஹப் பேஜஸுக்கு மாறு. தளம் 1 ஜி.பி. வரை இருக்கலாம், மாதம் 100 ஜி.பி. போக்குவரத்து வரை பொறுத்துக்கொள்வார்கள். அவர்களும் நாளைக்கு மனம் மாறலாம். கோப்புகளும் முகவரியும் உன் கையில் இருந்தால் வேறிடத்துக்குப் பெயர்ப்பது ஒரு மாலை வேலை.

சுருக்கியவை இணையத்துக்கு மட்டும்தான், அசல்களை அழித்துவிடாதே. என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கிறது, பொங்கலுக்கு வரும்போது எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா