கொல்லையில் இளவேனில்

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர் பண்டைத் தமிழர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் எனப்படும். குளிர்நாடுகளில் இளவேனில் பனி உருகும்போது வருகின்றது. அங்கே உறைந்து கிடந்த நிலம் நெகிழும், ஓடைகள் பெருகும், புல் தானே முளைக்கும். தஞ்சை வளநாட்டில் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கே ஆறு வறண்ட பின்னரே இளவேனில் வருகின்றது.

இதன் காரணம் யாது? மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து பாசனத்திற்கென ஜூன் 12ஆம் நாள் நீரைத் திறந்து, ஜனவரி 28ஆம் நாள் அடைப்பது மரபு. நீர் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் திறக்கும் நாள் தள்ளிப் போவதும் உண்டு. தை மாதத்தில் சம்பா நெல் அறுவடையாகும். அதற்குச் சில நாள் முன்பே உழவர் நெற்பயிரின் இடையில், ஈரமண்ணில், உளுந்தும் பயறும் தெளித்து விடுவர். எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே அவை விளையும். அவையும் வீடு வந்து சேர்ந்தபின் வயல் வெடித்துக் கிடக்கும். காவிரியிலும், வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு முதலிய கிளைகளிலும் வெண்மணலே தெரியும்.

அந்நாளில் இளவேனிலின் எழிலைக் காண விரும்புவோர் வீட்டின் கொல்லைக்குச் செல்லுதல் வேண்டும். பழைய தஞ்சை வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம் ஆகியவற்றைக் கடந்தால் கொல்லை வரும். அங்கே ஒரு கிணறு. அதன் அருகில் துவைகல். கிணற்றடியிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வளைந்து செல்லும். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் அதன் வழியே ஓடி, முதலில் சேம்பையும் கல்வாழையையும் நனைத்து, பின்னர் வாழை மரங்களின் அடியைச் சேரும். அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைச் செடிக்கு உரியது. ஒரு குடம் நீர் இருமுறை பயன்படாமல் அவ்வீட்டை விட்டு வெளியேறுவதில்லை.

நல்ல தோட்டக்காரர் நடுப்பகலில் நீர் ஊற்றார். வெயில் அதனைக் குடித்துவிடும். அதிகாலையிலோ அந்தி வேளையிலோ வேரடியில் ஊற்றுவார். மாசி, பங்குனியில் வேம்பு உதிர்க்கும் சருகைச் சிலர் கூட்டிக் கொளுத்துகின்றனர். அறிந்தவரோ அதனையும் வைக்கோலையும் செடிகளின் அடியில் பரப்புவர். அப்போர்வை மண்ணின் ஈரம் ஆவியாகாமல் காக்கும். பின்னர் மட்கி உரமுமாகும். சுடுமண் பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பிவைப்பாரும் உளர். நுண்ணிய துளைகளின் வழியே நீர் மெல்லக் கசிய, அருகிலுள்ள பாகலும் புடலும் வேண்டிய அளவே உறிஞ்சிக் கொள்ளும்.

இவ்வாறு பேணிய கொல்லையில் இளவேனில் அடியெடுத்து வைக்கும் அழகே அழகு! இலையுதிர்த்து நின்ற வேம்பு செந்தளிர் ஈன்று, சிறு வெண்பூக்களைச் சொரியும். வீட்டுப் பெண்கள் மரத்தடியில் துணி விரித்து அப்பூவைச் சேர்ப்பர். சித்திரை முதல் நாளில் வெல்லமும் மாங்காயும் கூட்டி வேப்பம்பூப் பச்சடி செய்வர். எஞ்சியதை உலர்த்தி இரசத்திற்கு வைப்பர். முருங்கையில் காய்கள் தொங்கும். மார்கழியில் கவாத்து செய்து எருவிட்ட மல்லிகை மாலைதோறும் அரும்பு கட்டும். மாமரத்தில் மறைந்து குயில் கூவும். பாடுவது கரிய ஆண்குயிலே. புள்ளிகளையுடைய பெண்குயிலோ காகத்தின் கூட்டில் முட்டையிடக் காலம் பார்த்திருக்கும்.

பூசணிக் கொடியிலும் ஒரு பாடம் உண்டு. அதில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலரும். விடியலில் விரியும் பூ வெயில் ஏறுமுன் வாடிவிடும். அச்சிறு பொழுதிற்குள் தேனீ மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தால்தான் காய் பிடிக்கும். ஆதலின் தேனீ வரும் கொல்லையில் நஞ்சு மருந்து தெளித்தல் தன் விளைவைத் தானே அழித்தலாகும்.

முதலில் காய்த்த நல்ல காயைப் பறித்து உண்ணாமல் கொடியிலேயே முற்றவிடுவது பழைய வழக்கம். அதன் விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்திச் சுரைக்குடுக்கையில் இட்டுவைப்பர். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஆற்றில் புதுநீர் வரும் ஆடிக்கு வேண்டிய விதையை, ஆறு வறண்ட சித்திரை தந்துவிடுகின்றது!

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னைகள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. மாவும் பலாவும் வேரோடு வீழ்ந்தன. அடுத்து வந்த இளவேனிலில் பல கொல்லைகளில் நிழலே இல்லை. ஆயினும் மக்கள் குழி தோண்டிக் கன்று நட்டனர். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர். அறிந்தே நட்டனர், அக்கோடை முழுவதும் குடத்தால் நீர் சுமந்து ஊற்றினர்.

இன்று பல வீடுகளில் கொல்லை குறுகிவிட்டது. சிலவற்றில் தரை முழுவதும் சிமெண்டு மூடியுள்ளது. அங்கே ஐப்பசி மழை மண்ணில் இறங்காது தெருவோடு ஓடிவிடும். சித்திரையில் கிணறு வற்றும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டதன் நோக்கம் இக்குறையை நீக்குவதே. ஐப்பசியில் மண்ணுக்குக் கொடுத்த நீரையே சித்திரையில் கிணறு திருப்பித் தருகின்றது.

இளவேனில் ஒரு விருந்தினர் போன்றது. யாரும் அழையாமலே அது ஆண்டுதோறும் வரும். ஆனால் உண்ணவும் தங்கவும் ஏற்பாடு செய்து வைத்த வீட்டில்தான் விருந்தினர் மகிழ்ந்திருப்பார். மழைநாளில் நீரையும், அறுவடை நாளில் வைக்கோலையும், காய்க்கும் நாளில் விதையையும் சேர்த்து வைத்தவரின் கொல்லையிலே இளவேனில் முகம் மலர்ந்து தங்கும். நான்கு முழ நிலமே உள்ளதெனினும், அதில் ஒரு முருங்கைக் கிளையை ஊன்றிக் கழுவுநீரை ஊற்றுபவரும் அவ்விருந்தினரை வரவேற்றவரே ஆவர்.