சொல்லக் கூடாததும் சொல்ல வேண்டியதும்

முன்னுரை

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிற்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். எவ்வளவு சுமை இருந்தாலும் தாய்மார்கள் குழந்தையின் கையை மட்டும் விடுவதில்லை. பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழாவிலும், மயிலை அறுபத்துமூவர் விழாவிலும் இதே காட்சிதான். ஆனால் அதே குழந்தை வீட்டுக் கூடத்தில் கைப்பேசியுடன் அமர்ந்திருந்தால், "பத்திரமாக வீட்டிலேயே இருக்கிறாள்" என்று எண்ணி நாம் நிம்மதி அடைகிறோம். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு கருவிக்குள் ரங்கநாதன் தெருவைவிடப் பெரிய கூட்டம் இருக்கிறது. அங்கே குழந்தையின் கையைப் பிடித்திருப்பவர் யார்?

நடந்த ஒரு நிகழ்ச்சி

எனக்குத் தெரிந்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கதை இது. அவளிடம் அனுமதி கேட்டே எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன். பிறர் செய்தியை அவர் அனுமதியின்றி வெளியிடாதிருப்பதே இக்கட்டுரையின் முதல் பாடம்.

கைப்பேசி விளையாட்டு ஒன்றில் அவளுக்கு ஒரு "தோழி" கிடைத்தாள். "நானும் ஏழாம் வகுப்புதான், அடையாற்றில் இருக்கிறேன்" என்றாள் அந்தத் தோழி. பேச்சுவாக்கில் நம் சிறுமி தன் பள்ளியின் பெயரைச் சொன்னாள். மாலை லஸ் முனையில் எத்தனை மணிக்குப் பேருந்து ஏறுவாள் என்பதைச் சொன்னாள். அம்மா அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்குத்தான் வருவார் என்பதையும் சொன்னாள். பிறகு பள்ளிச் சீருடையில் எடுத்த படம் ஒன்றையும் அனுப்பினாள். அடுத்த வாரம் அந்தத் தோழியின் பேச்சு மாறியது. "நான் கேட்கும் படங்களை அனுப்பு. இல்லாவிட்டால் உன் பள்ளி வாசலுக்கே வருவேன். வீட்டில் சொன்னால் உன் படத்தை மாற்றி எல்லோருக்கும் அனுப்புவேன்" என்ற மிரட்டல் வந்தது. தோழி என்பதே பொய்!

இரண்டு வாரம் அச்சிறுமி யாரிடமும் சொல்லவில்லை, சரியாக உண்ணவில்லை. மிரட்டியவனைவிட, "கைப்பேசியைப் பிடுங்கி விடுவார்களோ, என்னைத்தான் திட்டுவார்களோ" என்ற அச்சமே அவளை அதிகம் வாட்டியதாம். கடைசியில், கைப்பேசியில் எண்ணை அழுத்தக்கூடத் தெரியாத பாட்டியிடம் சொல்லி அழுதாள். பாட்டி திட்டவில்லை. "இதுல உன் தப்பு என்னடி இருக்கு? முதல்ல சாப்பிட வா. அம்மா வந்ததும் சொல்லிக்கலாம்" என்றார். அன்றிரவே பெற்றோர் மிரட்டல் செய்திகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு புகார் செய்தனர். மிரட்டல் நின்றது. சிறுமி மீண்டும் சிரிக்கத் தொடங்கினாள்.

அந்தரங்கம் வேறு, இரகசியம் வேறு

இந்நிகழ்ச்சியைச் சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். அவள் அந்நியரிடம் சொல்லக் கூடாததைச் சொன்னாள். வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறைத்தாள். தீயவர்கள் எதிர்பார்ப்பது இந்தத் தலைகீழ் வழக்கத்தைத்தான்.

அந்தரங்கம் என்பது நம் உரிமை. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அரசியலமைப்புச் சட்டம் அளிக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் நமக்கு இழைக்கப்படும் தீங்கை மூடி வைப்பது அந்தரங்கம் ஆகாது. அது தீயவனுக்கு நாமே கட்டிக்கொடுக்கும் வேலி.

வெளியே சொல்லக் கூடாதவை

முழுப் பெயர், வீட்டு முகவரி, பள்ளியின் பெயர், போகும் வரும் நேரம், வீட்டில் பெரியவர்கள் இல்லாத வேளை ஆகியவற்றை இணையத்தில் அறிமுகமானவரிடம் சொல்லலாகாது. கடவுச்சொல்லை உயிர்த்தோழிக்கும் தர வேண்டாம். சீருடையும் பள்ளி முத்திரையும் தெரியும் படத்தைப் பொதுவில் வெளியிட்டால், வாய் திறவாமலேயே நம் பள்ளியைச் சொல்லிவிடுகிறோம். கைப்பேசியில் எடுக்கும் படத்திற்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம் என்பதைப் பலர் அறியார். கேமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்தி வைப்பது நல்லது. "உடனே அழிந்துவிடும்" என்று அனுப்பும் படத்தையும் எதிரில் இருப்பவர் நகல் எடுத்து வைக்க முடியும். சிந்திய பாலை அள்ள முடியுமா?

சட்டம் நமக்குத் தரும் துணை

புகார் செய்தால் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இந்த அச்சத்தைப் போக்குகிறது. அச்சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில், சிறப்பு நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்பம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலம் வாங்கும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கலாகாது. கூடுமானவரை பெண் அதிகாரியே வர வேண்டும். குழந்தையின் வீட்டிலேயே வாக்குமூலம் தரலாம்.

குழந்தைகளை இழிவாகக் காட்டும் படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்த ஒருவர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் நம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பிறருக்குப் பரப்பும் எண்ணத்தோடு அத்தகைய படங்களை அழிக்காமல் வைத்திருப்பதும் குற்றமே என்று விளக்கியது. அவற்றை "ஆபாசப் படம்" என்று சொல்வதே தவறு, அவை ஒரு குழந்தை சுரண்டப்பட்டதற்குச் சான்று என்றும் உணர்த்தியது.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பயன்படுத்த நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆஸ்திரேலியாவிலோ 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க இயலாது. ஆனால் எந்தச் சட்டமும் நம் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்திருக்காது. வாய் திறந்து சொன்னால்தான் அதன் துணை கிடைக்கும்.

சொல்ல வேண்டிய இடங்கள்

மிரட்டல் வந்தால் பணிய வேண்டாம். பணமோ படமோ அனுப்ப வேண்டாம். செய்திகளை அழித்துவிடாமல் சான்றாக வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கைத் தடை செய்ய வேண்டும். நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்ல வேண்டும். அம்மா, பாட்டி, வகுப்பாசிரியை, அருட்சகோதரி, யாராயினும் சரி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது. சைபர் குற்றங்களுக்கு 1930 என்ற எண் உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான சில புகார்களைப் பெயர் கூறாமலும் அளிக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புப் பெற்றோரே! நாங்கள் தவறு செய்வோம். அறியாமையால் ஏமாறவும் செய்வோம். அதைச் சொல்ல வரும்போது முதல் வார்த்தை திட்டாக இருந்தால், இரண்டாவது முறை சொல்ல மாட்டோம். எங்கள் கைப்பேசிக்கு நேரக் கட்டுப்பாடு விதியுங்கள், ஏற்கிறோம். ஆனால் உண்மையைச் சொன்னதற்குத் தண்டனையாக அதைப் பறிக்காதீர்கள். எங்கள் படங்களை உறவினர் குழுக்களில் அனுப்பும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தரங்கம் என்னவென்று அப்போதுதான் நாங்கள் கற்போம்.

முடிவுரை

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குதிஸ், 2006இல் இறந்தபோது அவருக்கு வயது பதினைந்து. அதுதான் என் வயதும். கணினியில் வல்லவரான அவர், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டார். கருவி தீயதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

எனவே தோழியரே, அந்நியர் கேட்டால் வாயை மூடுவோம். தீங்கு நேர்ந்தால் வாயைத் திறப்போம். நம்மில் ஒருத்தி அழுதுகொண்டு வந்து சொல்லும்போது, அந்தப் பாட்டியைப் போல, "உன் தப்பு என்னடி இருக்கு?" என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வோம்.