அதிகாரத்தின் இயல்பும் பயனும்: ஆசிரியர்க்கு ஒரு பாடம்

சைவப் பாடசாலை ஆசிரியர்காள்,

மேல்வகுப்பு மாணவர்க்குக் குடிமையியல் கற்பிக்குமிடத்து, அரசு, சட்டம், தேர்தல் என்னுஞ் சொற்களை நாம் பலகாலும் வழங்குகின்றோம். அவையெல்லாவற்றிற்கும் அடியாய் நிற்கும் அதிகாரம் என்பது யாது, அஃது எங்கே இருக்கின்றது என மாணவனொருவன் வினாவுவானாயின், நம்மிற் பலர் விடை கூறத் தடுமாறுதல் கூடும். யானும் அங்ஙனந் தடுமாறினவனே. அத்தடுமாற்றமே இப்பாடத்தை எழுதுதற்குக் காரணமாயிற்று.

1. அதிகாரத்தின் இயல்பு

அதிகாரமாவது, ஒருவன் தன் கருத்தின்படி பிறரை ஒழுகச்செய்யும் ஆற்றல். இதனை, வாளும் பொன்னும் போல ஒருவன் கையகத்து இருக்கும் பொருளென்று கருதுவோர் பலர். அஃது அற்றன்று. ஏவுவான், ஏவலை ஏற்பான் என்னும் இருவரிடையே நிகழ்வது அது. ஏற்பான் இல்லாதவழி ஏவுவானிடத்து எஞ்சுவது வெறுஞ்சொல்லே.

மக்கள் ஏவலை ஏற்றற்குக் காரணம் நான்கு. அவை, அச்சம், பயன்விருப்பு, வழக்கம், நன்மதிப்பு என்பன. காவலாளன் கைத்தடியைக் கண்டு ஒதுங்குதல் அச்சம். கடன் தந்தவனுடைய தோட்டத்தில் அவன் மேலும் உதவுவான் என எண்ணிக் கூலியின்றி உழைத்தல் பயன்விருப்பு. முற்காலத்து விதானையார் முன்னே சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு நின்றது வழக்கம். பரியாரியார் காணாவிடத்தும் அவர் சொன்ன பத்தியத்தைக் காத்தல் நன்மதிப்பு.

இவற்றுள், அச்சம் விரைந்து பயன் தரும். காவல் நீங்கியவுடன் தானும் நீங்கும். நன்மதிப்பு மெல்ல வளரும். வளர்ந்தபின் காவல் வேண்டாது. வழக்கமோ எல்லாவற்றினும் வலிது, என்னை? அதன் வயப்பட்டோர் தாம் ஏவப்படுகின்றோம் என்பதனையே உணரார். ஒரு பிள்ளையை வாங்கிலும் மற்றொரு பிள்ளையைச் சாதி கருதித் தரையிலும் இருத்திய கொடுமை யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் நெடுங்காலம் நிலைபெற்றது வாளினாலன்று, வழக்கத்தினாலேயாம். இதனை மறைத்துவிட்டு அதிகாரத்தைப் பற்றி மாணவர்க்குப் பாடஞ் சொல்லுதல் நேர்மையாகாது.

2. ஏவலை மறுத்தல்: இரண்டு உதாரணங்கள்

மேற்கூறியதனை விளக்குதற்கு, ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வாம்.

முதலாவது, 1930ஆம் ஆண்டு வேதாரணியத்து உப்புச் சத்தியாக்கிரகம். காந்தியடிகள் தண்டியில் உப்புச் சட்டத்தை மீறிய சில நாட்களின் பின், ஏப்பிரல் 13ஆந் தேதி, இராசகோபாலாச்சாரியார் தலைமையில் ஏறக்குறைய 100 தொண்டர் திருச்சிராப்பள்ளியினின்று கால்நடையாகப் புறப்பட்டனர். வழி ஏறக்குறைய 150 மைல். தஞ்சாவூர்க் கலெக்டர், அவர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என அறிவித்தார். கலெக்டரிடத்துப் பொலிசும் சிறையும் இருந்தன. தொண்டரிடத்து யாதும் இல்லை. எனினும், ஊரவர் சோற்றுப் பொட்டலங்களை வழியோரத்து மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டு அகன்றனர். உண்டவரைப் பொலிசார் கண்டனர். ஊட்டியவர் யாரென்று அவர்க்குத் தெரிந்திலது. வேதாரணியத்திலே நாவிதர் பொலிசாருக்குச் சவரஞ்செய்ய மறுத்தனர். ஏப்பிரல் 30ஆந் தேதி உப்பு அள்ளப்பட்டது, தலைவர் சிறைப்பட்டார்.

இதனாற் சட்டம் உடனே நீங்கிற்றென மாணவர்க்குச் சொல்லற்க. உப்புவரி ஒழிந்தது ஏறக்குறைய 17 ஆண்டுகளின் பின்னரே. அன்று நிகழ்ந்தது வேறு: ஆட்சியாளன் ஆணை, உணவு சமைக்கும் பெண்ணும், சவரஞ்செய்யும் தொழிலாளியும் இசைந்தாலன்றி நடவாது என்பது எல்லார்க்கும் வெளியாயிற்று.

இரண்டாவது, 1931ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துத் தேர்தற் பகிஷ்காரம். டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி, 21 வயது நிரம்பிய ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் இலங்கையில் அவ்வாண்டு வாக்குரிமை கிடைத்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார், அத்திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையென்று தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தூண்டினர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்திலர். 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல் நிகழுங்காறும் அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. அரசாங்க சபையோ கூடிற்று, விவாதித்தது, சட்டஞ் செய்தது.

வாலிபர்தம் நோக்கம் உயர்ந்தது. அவர் தந்நலங் கருதினாரல்லர். ஆயின், வேதாரணியத்தில் ஒருவகையாகவும் யாழ்ப்பாணத்தில் மற்றொருவகையாகவும் முடிந்தது ஏன்? ஆராயின், அங்கே மறுக்கப்பட்டது ஆள்வோர்க்கு இன்றியமையாதது. அஃதாவது குடிகளின் கீழ்ப்படிதலும் ஊழியமும். இங்கே மறுக்கப்பட்டது ஆள்வோர்க்கு இன்றியமையாததன்று. நான்கு ஆசனங்கள் இல்லாமலும் சபை நடக்கும். ஏவுவானுக்கு வேண்டுவதனை மறுத்தல் வலிமை. தமக்கே வேண்டுவதனை மறுத்தல் இழப்பு. வாக்குரிமையைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை நன்கு விளக்குக.

3. பயனும் வரம்பும்

இவ்வாறு கூறியதனால், அதிகாரம் தீயதென்று கொள்ளற்க. அஃதின்றேல் மெலியார்க்குக் காவல் யாது? 1945ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்கள் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி நடைபெறத் தொடங்கிற்று. பணமில்லாதவன் பிள்ளையும் ஆங்கிலக் கல்வி பெறுதற்கு வாயில் திறந்தது. தனியொருவர் தருமத்தினால் ஆகாததனை அரசினது அதிகாரமே செய்தது.

ஆதலின், வினா அதிகாரம் வேண்டுமா என்பதன்று. அதற்கு வரம்பு யாது என்பதே. திருவள்ளுவர் செங்கோன்மையைக் கூறி, அதன்பிற் கொடுங்கோன்மையையும், அதன்பின் வெருவந்தசெய்யாமையையும் வைத்த முறையை நோக்குக. கொடுங்கோலை விலக்கியதனோடு அமையாது, குடிகள் அஞ்சத்தக்கன செய்தலையும் தனியே எடுத்து விலக்கினார். 1748ஆம் ஆண்டில் மொந்தெஸ்கியூ என்னும் பிரெஞ்சு அறிஞர், சட்டஞ் செய்தல், அதனை நடாத்துதல், நீதி வழங்குதல் என்னும் மூன்றும் ஒருவர் கையிற் சேரின் உரிமை இல்லையாம் என விளக்கினார். இருவரும் வெவ்வேறு காலத்தினர். நோக்கியது ஒரு நோயையே.

எந்த அதிகாரத்தையும் மூன்று வினாக்களால் அளக்கலாம். அதற்கு எல்லை உண்டா? அதனை வினாவுதற்கு ஏவப்படுவோர்க்கு இடமுண்டா? பிழைப்பின் அதனைத் திரும்ப வாங்குதற்கு வழியுண்டா?

4. வகுப்பறை

இனி, நம்மிடத்தே வருவாம். வகுப்பறைக்குள் சட்டஞ் செய்வோனும், நடாத்துவோனும், நீதி வழங்குவோனும் ஆசிரியன் ஒருவனே. மொந்தெஸ்கியூ அஞ்சிய நிலை அங்கே நாடோறும் உளது.

யான் இளமையில் மிசன் பாடசாலையொன்றிற் கற்றேன். ஆங்குப் பிரம்பினால் நிலவிய அமைதியையே நல்லாசிரியனுக்கு இலக்கணமெனக் கொண்டு, ஆசிரியனானபின் அதனையே கையாண்டேன். ஒருநாள், அலுவலறைக்குச் சென்று மீளும்பொழுது என் வகுப்பிற் பேரிரைச்சல் கேட்டது. கரும்பலகையருகே நின்ற மாணவனை, தலைவன் இவனே எனத் துணிந்து அடித்தேன். அவன் வாளா கைநீட்டினான். பிற்பகலில், அவன் மற்றையோரை அடக்குதற்கே எழுந்து நின்றான் என அறிந்தேன். அவனை அழைத்து, “ஏன் சொல்லவில்லை?” என்றேன். “நீங்கள் கேட்கவில்லையே, சேர்” என்றான்.

மறுநாள் வகுப்பின் முன்னே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். யான் இல்லாத பொழுது எழும் இரைச்சல் அதனால் உடனே நின்றதென்று சொல்லேன். ஆயின், அன்றுதொட்டு வினாவாமல் ஒருவனையுந் தண்டித்திலேன். அதிகாரம் எங்கே இருக்கின்றது என்னும் வினாவிற்கு விடையும் அன்றே அறிந்தேன்: என் பிரம்பிலன்று, அவன் நீட்டிய கையில்.

2016ஆம் ஆண்டு கல்வியமைச்சின் சுற்றறிக்கையும் உடற்றண்டனையை விலக்கிற்று. பிரம்பு போயினும் நாவும் புள்ளியும் நம்மிடத்து உள. அவற்றாலும் ஒரு பிள்ளையை நடுங்கச்செய்யலாம். வினாவப்படாமலே தண்டிக்கப்பட்டு வளர்ந்தவன், நாளைக்கு வாக்காளனாய் ஆள்வோரை வினாவ அஞ்சுவான். அன்றித் தானே ஆள்வோனாயின், பிறரை வினாவாமலே தண்டிப்பான்.

5. மாணவர்க்குரிய வினாக்கள்

(1) ஏவலை ஏற்றற்குரிய நான்கு காரணங்களையும் உமது ஊரிலிருந்து உதாரணங் காட்டி விளக்குக.

(2) வேதாரணியத்து ஊரவர் கலெக்டர் ஆணையை வென்றவாறு எங்ஙனம்?

(3) 1931ஆம் ஆண்டுப் பகிஷ்காரத்தை நீவிர் ஆதரித்திருப்பீரா? காரணங் கூறுக.

(4) உமது வகுப்பாசிரியரின் அதிகாரத்தை மேற்கூறிய மூன்று வினாக்களால் அளந்து எழுதுக.

நான்காம் வினாவை நீக்கிவிட விரும்பும் ஆசிரியர், நீக்குமுன் முதற்பகுதியை மீண்டும் ஒருமுறை வாசிப்பாராக.